‘பிளக்’ என்னும் ஆங்கில வினை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

புலவர் பெருமக்கள் நின்று பேசிய இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் இரசீது எழுதும் எளியேன், ஆங்கில வினைச்சொல் ஒன்றைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தச் சொல் நம் தாய்மார்களின் முதுகில் நூறாண்டுக்கும் மேலாகக் கூடையை ஏற்றிய சொல். நம்மில் பலர் அந்தக் கூடையின் வருவாயில் உண்டு வளர்ந்தவர்கள். ஆகவே, அச்சொல்லின் பொருளைச் சற்று ஆராய்ந்து பார்க்க நமக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

அச்சொல் ‘பிளக்’ என்பது. தேயிலைத் தோட்டத்துப் பதிவேடுகளில் ‘பிளக்கர்’ என்று எழுதப்பட்டவர்கள் நம் அன்னையர். போனக்காட்டை அறியாதவர் இங்கு யாரும் இரார். ஆயினும் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக மலையேறினால், 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ளது அவ்வூர். தமிழ் தந்த முனிவர் என்று நாம் போற்றும் அகத்தியரின் பெயரைத் தாங்கிய மலைக்குக் கீழே, நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் சென்ற தமிழர்கள் லயங்களில் குடியிருந்து தேயிலை வளர்த்தார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. நெடுமங்காட்டுப் பகுதி கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி லயத்துப் பேச்சு நகரவில்லை.

ஊர்ப் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் அத்தோட்டத்தை ‘பான் அக்கார்டு’ என்று எழுதினர். அது பிரெஞ்சுத் தொடர்; நல்லிணக்கம் என்பது பொருள். ஸ்காட்லாந்து நாட்டின் அபர்தீன் நகரம் அதனைத் தன் நகர முழக்கமாகக் கொண்டுள்ளது. நம்மவர் காதில் அது போனக்காடு ஆயிற்று. நல்லிணக்கம் காடாகிப் போயிற்று என்று எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் நகைப்பதுண்டு. அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, வேறு எண்ணத்தில் சொன்னாரா என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

இனி, சொல்லுக்கு வருவோம்.

‘பிளக்’ என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொற்களுள் ஒன்று. ஜெர்மானியர், டச்சுக்காரர் ஆகியோரின் மொழிகளிலும் இதன் உடன்பிறப்புகள் உள்ளன. இலத்தீன் மொழியில் மயிரைக் குறிக்கும் சொல்லடியிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்று கருதும் மொழியறிஞர் உளர். அஃது உண்மையாயின், மயிரையோ இறகையோ வெடுக்கென்று இழுப்பதே இதன் முதற்பொருள் எனலாம். கோழியின் இறகைப் பிடுங்குவதும், புருவத்து மயிரைக் களைவதும் இன்றும் ‘பிளக்’ தான்.

மாணவச் செல்வங்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இழுத்தல் எல்லாம் ‘பிளக்’ ஆகாது. ஓடும் வண்டியில் அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறார்களே, அது ‘புல்’. விடாது தொடர்ந்து இழுக்கும் இழுப்பு அது. ‘பிளக்’ என்பதோ ஒரு நொடியில் முடிவது, விரல்களால் செய்வது, ஒட்டியிருந்த ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பது. வீணையின் தந்தியை மீட்டுவதற்கும் இச்சொல்லே வழங்குகிறது. அங்கே தந்தி பிரிந்து வருவதில்லை, விரலின் வெடுக்கென்ற செயல் மட்டுமே பொருந்துகிறது. இதனோடு ‘அட்’ என்னும் சிறுசொல்லைச் சேர்த்தால், குழந்தை தாயின் முந்தானையைப் பற்றி மீண்டும் மீண்டும் இழுப்பது போன்ற பொருள் வரும். ‘அப்’ என்பதைச் சேர்த்துத் துணிவு என்ற பெயரோடு புணர்த்தினால், நெஞ்சைத் திடப்படுத்திக்கொள்ளுதல் என்றாகும். கடலில் தத்தளிப்பவனை வானூர்தியிலிருந்து கயிறு இறக்கித் தூக்கிக் காப்பாற்றினாலும் செய்தித்தாளில் இதே வினைதான் வரும். இறந்தகால வடிவத்தில் தொல்லை ஒன்றுமில்லை. ‘பிளக்ட்’ என்று ஒரே போக்கு.

இன்னொரு பழைய வழக்கு கேளுங்கள், இளைஞர்கள் சிரிப்பார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் தேர்வில் தவறியவனை ‘பிளக்ட்’ என்றே குறித்தனர். ஆக்ஸ்போர்டில் பட்டமளிப்பு நடக்கையில், பட்டம் பெறுபவன் மீது குறையுடையவர் எவரேனும் இருப்பின், அதிகாரியின் அங்கியைப் பற்றி இழுத்துத் தடை கூறலாம் என்றொரு மரபு இருந்தது. பெரும்பாலும் கடன் கொடுத்து ஏமாந்த கடைக்காரர்களே அங்கியை இழுத்தனராம். அதிலிருந்து இப்பொருள் பிறந்ததாகச் சொல்வர். கடன் பாக்கிக்காகப் பட்டம் நின்றுபோகும் என்றால், நம் நாட்டில் எத்தனை பேருக்குப் பட்டம் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இத்தனை பொருளையும் ஒரு சொல் தாங்குவது அம்மொழிக்குச் சிறப்புத்தான். அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அகராதியைத் திறந்து ‘பிளக்: பறி’ என்று படித்துவிட்டு நாம் மூடிவைத்துவிட்டால், நம் மொழியை நாமே சுருக்கியவர்களாவோம். தமிழ்க் கைகள் இந்த ஒரு செயலை எத்தனையாகப் பிரித்து வைத்துள்ளன என்று பாருங்கள்.

பூவைக் கொய்கிறோம். காயைப் பறிக்கிறோம். வெற்றிலையைக் கிள்ளுகிறோம். கீரையை ஆய்கிறோம். முருங்கை இலையை ஈர்க்கிலிருந்து உருவுகிறோம். சோளக்கதிரை ஒடிக்கிறோம். பருத்தியை எடுக்கிறோம். நாற்றைப் பிடுங்குகிறோம். நிலக்கடலையைச் செடியோடு பிடுங்கிய பின் காயை ஆய்கிறோம். புளியை உலுக்குகிறோம். மாங்காயை, பிள்ளைகளானால், கல்லால் அடிக்கிறோம். இவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துப் பாருங்கள்! ‘நாற்றைக் கொய்தாள்’ என்று எழுதினால் உழவர் வீட்டுச் சிறுமியும் சிரிப்பாள். ‘கீரையைப் பிடுங்கினாள்’ என்றால் வேரோடு வந்துவிட்டது என்று பொருள். ‘கீரையைக் கிள்ளினாள்’ என்றால் அது மீண்டும் தழைக்கும் என்று பொருள். விரல் என்ன செய்தது என்பதை மட்டுமன்று, விரல் விலகிய பின் செடி என்ன ஆயிற்று என்பதையும் நம் வினைச்சொற்கள் சொல்லிவிடுகின்றன. என் பார்சல் அலுவலகத்துக்கு வரும் கூடைகளைப் பார்த்தே நான் இதனைக் கற்றேன் எனலாம். மல்லிகைக் கூடையோடு வருபவர் ‘பறித்த பூ’ என்பார். வெற்றிலைக் கட்டோடு வருபவர் ‘நேற்றுக் கிள்ளியது’ என்பார். படிவத்தில் நான் எழுதுவது இரண்டுக்கும் ஒன்றே: எளிதில் அழுகும் பொருள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அவையோர் இசைய வேண்டும். என் அன்னை போனக்காட்டில் முப்பதாண்டுக்கு மேல் கொழுந்துக் கூடை சுமந்தவர். அவருக்கு வரவேண்டிய பணம் ஒன்றன் பொருட்டு ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. தொழில் என்ற இடத்தில் ‘பிளக்கர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் அதனை அடித்துவிட்டு, ‘இலை பறிக்கும் கூலி, தொழில் தேர்ச்சி இல்லாதவர்’ என்று எழுதிக்கொண்டார். நான் வாய் திறக்குமுன், பின்னால் நின்ற அன்னை சொன்னார்:

“எய்யா, நான் பறிக்கலன்னு அவுககிட்டச் சொல்லு. களையத்தான் பறிப்பாக. கொழுந்தப் பறிச்சா செடி செத்துல்லா போவும். நான் கிள்ளுனேன்.”

அந்த அலுவலர் தலை நிமிரவில்லை. ஆனால், பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் நான் அந்தச் சொற்களையே எண்ணி வந்தேன். எழுத்தறியாத என் அன்னை சொன்னது முற்றும் சரியான இலக்கணம். நம் தென்பாண்டிப் பேச்சில் ‘களை பறித்தல்’ என்றால் வேரோடு களைதல். மலையாளத்திலும் ‘பறிக்குக’ என்பதற்குப் பிடுங்குதல் என்ற பொருள் உண்டு. ஆகையினாலன்றோ மலையாளிகள் தேயிலைக்குக் ‘கொளுந்து நுள்ளுக’ என்கிறார்கள்! ‘நுள்ளுதல்’ நமக்கும் அயற்சொல் அன்று; கிள்ளுதல் என்ற பொருளில் நாஞ்சில் நாட்டாரும் ஈழத்தாரும் இன்றும் வழங்கும் தமிழ்ச்சொல் அது. தோட்டங்கள் பலவற்றில் ‘கொழுந்து பறித்தல்’ என்றே நம்மவரும் சொல்லிப் பழகிவிட்டனர். அதனைப் பிழையென்று நான் கூற வரவில்லை. நிறைய பேர் வழங்கும் சொல் நிலைபெறும். ஆயினும், ‘பறி’ என்னும் சொல்லுக்கு வழிப்பறி என்னும் இன்னொரு உறவும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பறித்தவர் யார், பறிகொடுத்தவர் யார் என்பது வேறொரு கூட்டத்தில் பேச வேண்டிய செய்தி.

கிள்ளுதலுக்குத் தேர்ச்சி வேண்டாமா? வேலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். காலனிப் பிள்ளைகள் கண்டதில்லை.

தேயிலை இயல்பில் மரம். விட்டால் பத்து மீட்டருக்கு மேலும் வளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துச் செய்து, இடுப்பளவில் மேசை போலத் தட்டையாக நிறுத்துகிறார்கள். அந்த மேசையின் மேல் புதிதாக எழும் தளிர்களில், நுனிக் குருத்தும் அதனையடுத்த இரண்டு இலைகளும் மட்டுமே நல்ல தேயிலைக்கு உரியவை. முல்க் ராஜ் ஆனந்த் அசாம் தோட்டத் தொழிலாளரைப் பற்றி 1937-இல் எழுதிய ஆங்கில நாவலின் பெயரே ‘இரண்டு இலையும் ஒரு குருத்தும்’ என்பதுதான். மூன்றாவது இலையும் நான்காவது இலையும் சேர்ந்தால் எடை கூடும், தரம் குறையும். எடைக்குக் கூலி, தரத்துக்குத் திட்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு தளிரிலும் விரல் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். குருத்து விடாமல் உறங்கிப்போன முனையை வேறு விதமாகக் கிள்ள வேண்டும். இளந்தளிரை அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்க வேண்டும். ஏழு நாள் முதல் இரண்டு வாரம் வரையில் பருவத்துக்கு ஏற்பச் சுற்று மாறும். ஒரு தளிர் ஒரு கிராமும் எடையிராது. அப்படியானால், ஒரு கிலோவுக்கு ஆயிரம் தளிர்களுக்கு மேல் வேண்டும். பச்சை இலை நாலரைக் கிலோ அளவு சேர்ந்தால்தான் கடையில் விற்கும் தேயிலை ஒரு கிலோ. நம் வீட்டில் காலையில் கொதிக்கும் தேநீருக்குப் பின்னே எத்தனை கிள்ளல் என்பதை மாணவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதுவும் கண்ணால் பார்த்து, எண்ணிச் செய்யும் வேலையன்று. இரு கைகளும் தனித்தனியே ஓடும். உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்கு மேலே வீச, இலை கூடையில் விழும். காலில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும். மழை பெய்தால் இடுப்பில் சுற்றிய சாக்கு நனைந்து கல்லாய்க் கனக்கும். என் அன்னையின் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கறையேறிக் கறுத்தவை. வேலை நின்று ஆண்டுகள் பல ஆனபின்னும் வெடிப்பின் தடம் மறையவில்லை. இத்தொழிலுக்குத் ‘தேர்ச்சி இல்லை’ என்று எழுதியவர் ஒருநாள், ஒரே ஒருநாள், ஒரு வரிசை கிள்ளிப் பார்க்கட்டும்.

தென்னாட்டுத் தோட்டங்களில் கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. பை பொருத்திய கத்திரி வந்தது. பின்னர்ப் பொறியும் வந்தது. கத்திரி இளந்தளிரையும் முற்றிய இலையையும் ஒருசேர வெட்டும். அதற்கு ‘பிளக்’ என்ற வினை பொருந்தாது. ‘அறுவடை’ என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லே இப்போது எழுத்தில் மிகுந்து வருகிறது. கருவி மாறினால் சொல் மாறும். சம்பளப் பதிவேட்டில் மட்டும் ‘பிளக்கர்’ மாறாமல் நிற்கிறாள்.

இச்சொல்லின் பெயர்ச்சொல் வடிவத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ஆங்கிலத்தில் ‘பிளக்’ என்றால் துணிவு, நெஞ்சுரம் என்று பொருள். பறிப்பதற்கும் துணிவுக்கும் என்ன தொடர்பு? இறைச்சிக் கடையில் இருக்கிறது விடை. ஆட்டை உரித்தபின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஒருசேரப் பிடுங்கி எடுக்கிறார்களே, அந்தத் தொகுதிக்குப் ‘பிளக்’ என்று பெயர். பிடுங்கி எடுக்கப்பட்டதால் அப்பெயர். இதயம் இருக்குமிடம் துணிவு இருக்குமிடம் அல்லவா? பதினெட்டாம் நூற்றாண்டில் குத்துச்சண்டைக்காரர் பேச்சில், அடிவாங்கியும் சளைக்காதவனைப் ‘பிளக்’ உடையவன் என்றனர். கொச்சைப் பேச்சாயிருந்தது நாளடைவில் நல்ல சபைக்கு வந்தது.

நம் தமிழ் இதே இடத்தைத் தொட்டிருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு. அந்த ஈரல் தொகுதிக்கு நம் பெயர் ‘குலை’, ஈரற்குலை என்கிறோம். ஆனால், அச்சம் வரும்போதுதான் நமக்குக் குலை நினைவுக்கு வருகிறது: குலை நடுங்கிற்று, குலை பதறிற்று. அதே உறுப்பு, அவர்கள் துணிவை வைத்தனர், நாம் நடுக்கத்தை வைத்தோம்.

நடுங்காத குலையும் நம்மவரிடம் உண்டென்பதை 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் மூணாறு காட்டிற்று. போனஸ் இருபது விழுக்காட்டிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தேயிலைப் பெண்கள், அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், வேலையை விட்டுத் தெருவில் வந்து அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் தங்கள் அருகே வர விடவில்லை. ‘பெண்கள் ஒற்றுமை’ என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். ‘பெம்பிளை ஒருமை’ என்று மலையாளத்தில் சொன்னார்கள். ஒன்பது நாள் இருந்தனர். இருபது விழுக்காடு கிடைத்தது. அதன்பின் அக்டோபரில் நாட்கூலியும் உயர்ந்து 301 ரூபாய் ஆயிற்று; அவர்கள் கேட்டது ஐந்நூறு. ஆங்கில ஏடுகள் அவர்களைப் ‘பிளக்கர்’ என்று எழுதின. வினையிலிருந்து பிறந்த அப்பெயரைப் படிக்கையில், பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த பொருளும் அதிலே கலந்து என் காதில் விழுந்தது. அச்சிட்டவர் அதனை எண்ணியிரார்.

போனக்காட்டுக்கு அத்தகைய ஒன்பது நாள் வாய்க்கவில்லை. ஆலை ஓய்ந்தது, பல்சக்கரங்கள் துருவேறின. சம்பளமும் சேர வேண்டிய தொகையும் வாராமல் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. லயத்துக் கூரைகள் பழுதாயின. ஆண்கள் மலையிறங்கிக் கூலிவேலை தேடினர். நம் போன்ற சிலர் நகரத்துக்கு வந்தோம். அகத்தியர் மலைக்கு அனுமதிச் சீட்டுப் பெற்று நடைபயணம் செல்வோர், ஆண்டுதோறும் அவ்வழியே ஏறி இறங்குகிறார்கள்; பாழடைந்த ஆலையைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். அது பேய் உலவும் இடமென்று கதையும் கட்டியுள்ளனர். அங்கே இன்னும் மனிதர் குடியிருக்கின்றனர் என்பது அக்கதைகளில் வருவதில்லை. சரிவுகளிலே கிள்ளுவாரற்ற தேயிலை, மேசை கலைந்து மரமாக உயர்ந்து நிற்கிறது. சென்ற ஆண்டு அன்னையை அழைத்துப்போயிருந்தேன். ஆளுயரச் செடியொன்றின் கிளையை வளைத்துப் பிடித்து, நுனியில் நான்கு தளிர்களைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். கை தானே போயிற்று என்றார்.

வால்பாறைத் தோட்டங்களின் துயரைக் கண்ட மருத்துவர் பி. எச். டேனியல், 1969-இல் அதனை ஆங்கில நாவலாக எழுதினார், இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று அதனைத் தமிழாக்கினார். போனக்காட்டுக்கு அப்படியொரு நூல் எழுதும் ஆற்றல் எனக்கில்லை. சொற்களையாவது சேர்க்கலாம் என்பது என் ஆசை. பிரட்டு, செக்ரோல், கவாத்து, கங்காணி, கொழுந்து, லயம் என்று நம் வீட்டு முதியவர்கள் நாவில் இன்னும் சில நூறு சொற்கள் இருக்கின்றன. ஒரே செயலுக்கு அவர்கள் வழங்கும் வெவ்வேறு வினைகளை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பெயர்ச்சொற்களை எவரும் எழுதிவிடுவர், வினைகள்தாம் முதலில் மறைகின்றன.

செயலாளர் அவர்கள் ஒரு குறிப்பேட்டைச் சங்க வாசகசாலையில் வைக்க இசைந்துள்ளார். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணி முதல் நான் அங்கிருப்பேன். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமாரை அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொல்லும் ஒலியிலேயே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். முதற் பக்கத்தில் என் அன்னை சொன்ன மூன்று சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். கொழுந்து கிள்ளுவது, முற்றிய இலையை முறிப்பது, களை பறிப்பது.